சமையற்கலைப் பட்டம்: சமுதாயக் கல்லூரிகளை ஏன் விட்டுவிட்டீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டில் சமையற்கலை படிக்க விரும்புகிறவர்களுக்காக உங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். அமெரிக்காவைப் பற்றிய பகுதியில் பெயர்பெற்ற தனியார் நிறுவனங்கள் மட்டுமே இருந்தன. இரண்டு ஆண்டில் முடிகிற, செலவு மிகவும் குறைவான, அரசு நிதியில் நடக்கிற சமுதாயக் கல்லூரிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கடன் வாங்கித்தான் பல தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளைப் படிக்க அனுப்புகின்றன. அவர்களுக்கு இது சின்ன விடுபடல் அல்ல. இந்தக் கல்லூரிகளின் சமையல் கூடங்களில் பாடம் நடத்துகிறவர்கள் என்ற முறையில், படிப்பு எப்படி நடக்கிறது, மாணவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதை விரிவாகவே எழுதுகிறோம். இடம் போதாமல் சுருக்க நேர்ந்தால், கட்டணம், விசா பற்றிய பகுதிகளை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்தப் பட்டத்தின் மதிப்பு கல்லூரியின் பெயரில் இல்லை. அடுப்பருகே நிற்கிற மணி நேரத்திலும், பலரும் ஒப்புக்குப் படிக்கிற உணவுச் சுகாதாரம், விலைக் கணக்கு என்ற இரண்டு பாடங்களிலும்தான் இருக்கிறது.

இலினாய் மாநிலத்தின் ஜோலியட் ஜூனியர் கல்லூரி 1901-இல் தொடங்கியது. அமெரிக்காவின் முதல் பொதுச் சமுதாயக் கல்லூரியாக அதைத்தான் சொல்வார்கள். இன்று அங்கும் சமையற்கலை கற்பிக்கப்படுகிறது. சான் பிரான்சிஸ்கோ சிட்டி காலேஜில் 1930-களிலேயே இந்தத் துறை வந்துவிட்டது. ஜெர்சி சிட்டியில் ஹட்சன் கவுன்டி, புரூக்ளினில் கிங்ஸ்பரோ, டெட்ராய்ட் அருகே ஸ்கூல்கிராஃப்ட், சிகாகோ அருகே காலேஜ் ஆஃப் டுபேஜ், ஷார்லட்டில் சென்ட்ரல் பீட்மான்ட் என்று, நம்மவர்கள் கணிசமாக வாழும் பகுதிகளிலேயே பல கல்லூரிகள் இருக்கின்றன. தனியார் கல்லூரிகள் எல்லாம் மோசம் என்று சொல்ல வரவில்லை. 1946-இல் தொடங்கிய கலினரி இன்ஸ்டிடியூட் ஆஃப் அமெரிக்காவின் தரத்தை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால், லெ கார்டன் புளூ என்ற பெயரில் அமெரிக்காவில் இயங்கிய கல்லூரிகள் மூடப்படும் என்று 2015 டிசம்பரில் அறிவிப்பு வந்து, 2017-இல் மூடியும்விட்டார்கள். வெர்மான்ட்டில் இருந்த நியூ இங்கிலாந்து கலினரி இன்ஸ்டிடியூட்டும் 2021-இல் மூடப்பட்டது. பெயரை மட்டும் நம்பிப் பெரும் கடன் வாங்குவதில் இருக்கிற ஆபத்து இதுதான்.

சமுதாயக் கல்லூரி தருவது 'அசோசியேட் ஆஃப் அப்ளைடு சயின்ஸ்' என்ற இரண்டாண்டுப் பட்டம். பொதுவாக 60 கிரெடிட்டோ (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு) அதைவிடச் சற்றுக் கூடுதலோ இருக்கும். அதில் ஏறக்குறைய கால் பங்கு ஆங்கிலம், கணிதம், சமூக அறிவியல் போன்ற பொதுப் பாடங்கள். மீதி சமையல் துறைப் பாடங்கள். அந்தத் துறைப் பாடங்களை மட்டும் படித்து ஓராண்டுச் சான்றிதழோடு வெளியே வருகிற வழியும் பெரும்பாலான இடங்களில் உண்டு. வேலைக்குப் போவதை மனத்தில் வைத்து வடிவமைத்த பட்டம் இது என்பதால், நான்காண்டுப் பட்டத்துக்கு எல்லா கிரெடிட்டும் அப்படியே மாறிவிடாது. பின்னால் ஹோட்டல் நிர்வாகத்தில் இளநிலைப் பட்டம் வாங்கும் எண்ணம் இருந்தால், எந்தப் பல்கலைக்கழகத்தோடு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருக்கிறது என்று சேருவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். சேர்ந்து இரண்டு செமஸ்டர் முடிந்த பிறகு கேட்பவர்கள்தான் அதிகம்.

அங்கீகாரத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று கல்லூரி முழுமைக்குமானது. அது இல்லாத இடத்தில் சேரவே கூடாது. கிரெடிட்டை வேறு எங்கும் ஏற்க மாட்டார்கள். மற்றொன்று, அமெரிக்கன் கலினரி ஃபெடரேஷனின் கல்வி அமைப்பு சமையல் துறைக்கு மட்டும் தருவது. இது இல்லாமலும் நல்ல துறைகள் இருக்கின்றன. இருந்தால், படிப்பை முடிக்கும்போதே ஃபெடரேஷனின் தொடக்க நிலைச் சான்றிதழைப் பெற வழி எளிதாகும்.

கட்டணத்துக்கு வருவோம். ஒரே கல்லூரியில் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மூன்று பேர் மூன்று விதமாகக் கட்டணம் கட்டலாம். அந்த மாவட்டத்தில் குடியிருப்பவருக்கு ஒன்று, மாநிலத்தின் வேறு பகுதிக்காரருக்கு ஒன்று, வெளி மாநிலத்தவருக்கும் வெளிநாட்டு மாணவருக்கும் ஒன்று. கடைசிக் கட்டணம் முதலாவதைப் போல இரண்டு, மூன்று மடங்குகூட ஆகும். இணையதளத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது பெரும்பாலும் முதல் கட்டணம்தான். அதோடு ஒவ்வொரு சமையல் கூடப் பாடத்துக்கும் தனியாக மூலப்பொருள் கட்டணம் உண்டு. சீருடை, வழுக்காத ஷூ, கத்திப் பை எல்லாம் கைக்காசு. கத்திப் பை விஷயத்தில் ஒரு வார்த்தை: கடையில் கிடைக்கும் இருபது உருப்படி செட் வேண்டாம். 8 அல்லது 10 அங்குல ஷெஃப் கத்தி, 3 அங்குலச் சிறுகத்தி, 6 அங்குல எலும்பு நீக்கும் கத்தி, ரம்பப் பல் வைத்த பிரெட் கத்தி, தோல் சீவி, டிஜிட்டல் தெர்மாமீட்டர், 1000 கிரிட் (சொரசொரப்பின் அளவு) சாணைக்கல். இவ்வளவு போதும். செட்டோடு வரும் இரும்புக் கம்பி கத்தியைத் தீட்டாது. மடங்கிய விளிம்பை நிமிர்த்தும், அவ்வளவே. கல்லே வாங்காமல் கம்பியில் மட்டும் உரசிக்கொண்டிருப்பவரின் கத்தி இரண்டாவது மாதத்தில் தக்காளித் தோலில் வழுக்கும். விரலில் வெட்டு விழுவதும் பெரும்பாலும் அப்போதுதான்.

அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருப்பவர்கள் கூட்டாட்சி அரசின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். பெல் கிரான்ட் என்ற, திருப்பிக் கட்ட வேண்டாத உதவியின் உச்சவரம்பு 2024-25 கல்வியாண்டில் 7,395 டாலர். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்குப் பல மாவட்டங்களில் உள்ளூர்க் கட்டணத்தை இதுவே அடைத்துவிடும். ஆனால் நம்மவர்கள் அடிக்கடி தவறவிடும் விதி ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே இளநிலைப் பட்டம் பெற்றவருக்கு பெல் கிரான்ட் கிடையாது, அந்தப் பட்டம் இந்தியாவில் வாங்கியதாக இருந்தாலும். கிரீன் கார்டோடு வந்து இறங்கிய பி.இ. பட்டதாரி, விண்ணப்பத்தில் 'பட்டம் இல்லை' என்று குறித்தால் பொய்த் தகவல் தந்ததாக ஆகிவிடும். எச்-4 (வேலை விசாவில் இருப்பவரின் கணவர், மனைவி, பிள்ளைகளுக்கானது), எஃப்-1 (மாணவருக்கானது) விசாவில் இருப்பவர்களுக்குக் கூட்டாட்சி உதவி எதுவுமே இல்லை.

இந்தியப் பட்டத்தால் ஓர் ஆதாயமும் உண்டு. அதைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் நிறுவனங்களின் கூட்டமைப்பான நேசஸில் உள்ள நிறுவனம் ஒன்றில், பாடவாரியான மதிப்பீடு என்று குறிப்பாகக் கேட்டு வாங்கிக் கொடுத்தால், கணிதம், அறிவியல், சில வேளை ஆங்கிலம் உட்படப் பொதுப் பாடங்களில் பெரும்பகுதியைக் கல்லூரி ஏற்றுக்கொள்ளும். ஒரு செமஸ்டர் அளவுக்குப் பணமும் நேரமும் மிச்சம். வெறும் 'பட்டச் சமநிலை' மதிப்பீடு மலிவுதான். கிரெடிட் வாங்க அது உதவாது.

விசா பகுதியைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். தமிழ்நாட்டிலிருந்து நேராகப் போகிற மாணவருக்குக் கல்லூரி தருகிற ஐ-20 (விசாவுக்கான சேர்க்கைப் படிவம்) எஃப்-1 வகையா, எம்-1 வகையா என்று பார்க்க வேண்டும். எம்-1 தொழிற்பயிற்சி விசா. அதில் படிக்கும்போது வேலை கிடையாது. முடித்த பிறகு நான்கு மாதப் படிப்புக்கு ஒரு மாதம் என்ற கணக்கில் அதிகபட்சம் ஆறு மாதப் பயிற்சிதான். அமெரிக்காவுக்குள் இருந்தபடியே எம்-1-லிருந்து எஃப்-1-க்கு மாறவும் முடியாது. எஃப்-1-இல் ஒரு கல்வியாண்டு முடிந்த பின், பாடத்திட்டத்தில் கட்டாயமாக உள்ள வெளிப்பயிற்சியை சி.பி.டி. என்ற, படிப்பின் பகுதியாக வேலை செய்யும் அனுமதியோடு சம்பளத்துக்கே செய்யலாம். அனுமதி ஐ-20-இல் பதிவான பிறகுதான் ஏப்ரன் கட்ட வேண்டும். ஒரு நாள் முந்தினாலும் விசா நிலை கெடும். படிப்பு முடிந்தபின் துறை சார்ந்த வேலை செய்ய ஓ.பி.டி. என்ற அனுமதி 12 மாதம். சமையற்கலை ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இல்லை என்பதால் 24 மாத நீட்டிப்பு கிடையாது. முதுநிலைப் பட்டத்துக்கு ஏற்கெனவே ஓ.பி.டி. பயன்படுத்தியவருக்கு, அதைவிடக் கீழ்நிலையான அசோசியேட் பட்டத்துக்கு மறுபடி தர மாட்டார்கள்.

கணவரோடோ மனைவியோடோ எச்-4 விசாவில் போனவர்கள் பலர் இந்தப் படிப்பைத் தேடி வருகிறார்கள். படிக்கத் தடையில்லை. சிக்கல் கடைசி செமஸ்டரில் வரும். வேலை அனுமதி அட்டை இல்லாத எச்-4 விசாக்காரர் உணவகத்தில் சம்பளத்துக்கு வெளிப்பயிற்சி செய்ய முடியாது. சம்பளமே வாங்காமல் செய்தாலும், லாப நோக்கில் நடக்கும் உணவகத்தில் அதுவும் வேலையாகவே கருதப்பட இடமுண்டு. கல்லூரி வளாகத்திலேயே நடக்கிற பயிற்சி உணவகத்தில் அந்த மணி நேரத்தை முடிக்கச் சில துறைகள் அனுமதிக்கும். இதை முதல் செமஸ்டரிலேயே துறைத் தலைவரிடம் மின்னஞ்சலில் கேட்டு, மின்னஞ்சலிலேயே பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எச்-4-இல் இருக்கும் பிள்ளைகளுக்கு 21 வயதானால் அந்த நிலையே முடிந்துவிடும் என்பதையும் பெற்றோர் கணக்கில் வைக்க வேண்டும்.

இனி படிப்புக்குள் போவோம். ஒரு கிரெடிட் என்றால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்பது விரிவுரைக்கு மட்டும்தான் சரி. சமையல் கூடத்தில் ஒரு கிரெடிட்டுக்கு இரண்டு, மூன்று மணி நேரம் நிற்க வேண்டும். ஆக, 12 கிரெடிட் எடுத்த மாணவர் வாரத்துக்கு 12 மணி நேரம்தான் வகுப்பு என்று நினைத்து வேலை நேரத்தைத் திட்டமிட்டால், மூன்றாவது வாரத்தில் இரண்டும் முட்டிக்கொள்ளும். சமையல் கூடப் பாடங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை. சுகாதாரம் முடித்தால்தான் அடிப்படைச் சமையல் ஒன்று. அது முடித்தால்தான் இரண்டு. அதன் பிறகே குளிர் உணவு, வெளிநாட்டுச் சமையல், பயிற்சி உணவகம். சிறிய கல்லூரிகளில் இவற்றில் சில ஆண்டுக்கு ஒரு முறை மட்டுமே நடக்கும். ஒன்றில் தோற்றாலோ, இடம் நிரம்பிவிட்டாலோ, பட்டம் ஓராண்டு தள்ளிப்போகும். எஃப்-1 மாணவருக்கு அது ஐ-20 நீட்டிப்புப் பிரச்சினையாகவும் ஆகும்.

முதல் பாடமான சுகாதாரத்தை 'கை கழுவுவது எனக்குத் தெரியாதா' என்று எடுத்துக்கொள்கிறவர்கள் மேலாளர் தேர்வில் தடுமாறுகிறார்கள். பெரும்பாலான இடங்களில் இந்தப் பாடத்தின் முடிவில் செர்வ்சேஃப் என்ற உணவுச் சுகாதார மேலாளர் தேர்வு இருக்கும். 90 கேள்விகள், சான்றிதழ் 5 ஆண்டு செல்லும். எண்களை மனப்பாடம் செய்தால் போதாது, காரணம் தெரிய வேண்டும். 41 முதல் 135 டிகிரி ஃபாரன்ஹீட் வரை, அதாவது 5 முதல் 57 டிகிரி செல்சியஸ் வரை, கிருமிகள் பெருகும் ஆபத்தான வரம்பு. கோழி உள்ளே 165 டிகிரி ஃபாரன்ஹீட் தொட வேண்டும், அரைத்த மாட்டிறைச்சி 155, மீன் 145.

நம் மாணவர்கள் அதிகம் தவறு செய்வது ஆறவைப்பதில். பெரிய பாத்திரத்தில் சாம்பாரோ ஸ்டாக்கோ (எலும்பும் காயும் போட்டுக் காய்ச்சும் சாறு) காய்ச்சி, மேசையில் விட்டுவிட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது வீட்டுப் பழக்கம். விதி வேறு. 135 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து 70 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும். அங்கிருந்து 41 டிகிரிக்குப் போக, தொடக்கத்திலிருந்து மொத்தம் ஆறு மணி நேரம். முதல் பகுதிக்கு நேரம் குறைவாகக் கொடுத்திருப்பதற்குக் காரணம், அந்த இடைவெளியில்தான் கிருமி மிக வேகமாகப் பெருகும். கொதிக்கவைத்தாலும் சாகாத வித்துகள் சிலவற்றுக்கு உண்டு. இறைச்சிக் குழம்பில் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரின்ஜென்ஸ், சோற்றில் பேசில்லஸ் சீரியஸ். சூடு குறையும்போது அவை விழித்துக்கொள்ளும். 5 கேலன் ஸ்டாக்கைப் பாத்திரத்தோடு குளிர் அறைக்குள் தள்ளினால், ஓரம் ஜில்லென்று இருக்கும், நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும். பக்கத்தில் இருக்கிற பால், தயிரின் சூட்டையும் ஏற்றிவிடும். சரியான முறை, 2 அங்குல ஆழமுள்ள தட்டையான பாத்திரங்களில் பிரித்து ஊற்றுவது, அல்லது பாத்திரத்தைப் பனிக்கட்டித் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிக் கிளறிக்கொண்டே இருப்பது. இரண்டு மணி நேரத்தில் 70-க்கு வரவில்லை என்றால், 165-க்குச் சூடாக்கி மறுபடி தொடங்க வேண்டும், இல்லையேல் கொட்ட வேண்டும். தெர்மாமீட்டரே பொய் சொல்லலாம் என்பதால், தினமும் பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த குவளையில் வைத்து 32 காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலை தொடங்குவோம்.

அடிப்படைச் சமையல் பாடத்தில் முதல் வாரங்கள் வெட்டுப் பயிற்சிக்கே போகும். புருன்வாஸ் என்றால் எட்டில் ஒரு பங்கு அங்குலக் கனசதுரம், சின்ன டைஸ் கால் அங்குலம், நடுத்தரம் அரை, பெரியது முக்கால். அளவுகோல் வைத்து மதிப்பெண் போடுவோம். அழகுக்காக மட்டும் இவ்வளவு கண்டிப்பு இல்லை. அளவு மாறினால் வேகும் நேரம் மாறும். ஒரே சட்டியில் பாதி குழைந்து, பாதி பச்சையாக நிற்கும்.

அடுத்தது ஸ்டாக். ஒரு கேலன் கோழி ஸ்டாக்குக்கு 8 பவுண்டு எலும்பு, ஐந்து, ஆறு குவார்ட் தண்ணீர், 1 பவுண்டு காய். காயில் வெங்காயம் இரண்டு பங்கு, கேரட் ஒரு பங்கு, செலரி ஒரு பங்கு. தண்ணீர் குளிர்ந்ததாக இருக்க வேண்டும். எலும்பிலிருந்து கரையும் புரதம் மெதுவாகத் திரண்டு மேலே நுரையாக வந்தால்தான் அதை வழித்தெடுக்க முடியும். அப்புறம் மூன்று, நான்கு மணி நேரம், மேற்பரப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி எழும்பும் சூட்டில். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டித் தளதளவென்று கொதிக்கவிட்டால், கொழுப்பும் நுரையும் உடைந்து தண்ணீரோடு கலந்து கலங்கிவிடும். பிறகு எத்தனை முறை வடிகட்டினாலும் தெளியாது. உப்பு போடக் கூடாது. பின்னால் சாஸாகச் சுண்டும்போது உப்பும் ஏறும். மீன் எலும்புக்கு 30 முதல் 45 நிமிடம் போதும். மேலே போனால் கசப்பு தட்டும்.

மஞ்சள் கருவையும் வெண்ணெயையும் அடித்துச் செய்கிற ஹாலண்டேஸ் போன்ற சாஸ் திரிவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டுதான்: மஞ்சள் கரு அதிகச் சூடேறி முட்டைப் பொரியலாகிவிடுவது, அல்லது வெண்ணெயை வேகமாக ஊற்றுவது. இரண்டாவதை, வேறு பாத்திரத்தில் ஒரு கரண்டி வெந்நீர் விட்டு, திரிந்த சாஸைச் சொட்டுச் சொட்டாக அதில் அடித்துச் சேர்த்து மீட்கலாம். முதலாவதை மீட்க முடியாது. பேக்கிங் பாடத்தில் எல்லாமே எடைக் கணக்குதான். கப் கணக்கை வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். ஒரு கப் தண்ணீர் 8 அவுன்ஸ் எடை, அதே கப்பில் தேன் 12 அவுன்ஸ், மாவு ஏறக்குறைய நாலேகால் அவுன்ஸ்தான்.

சைவக் குடும்பத்துப் பிள்ளைகள் சேருவதற்கு முன் ஒன்றைத் தெளிவாகக் கேட்க வேண்டும். முழுக் கோழியை எட்டுத் துண்டாக்குவது, மீனைச் செதில் நீக்கிப் பிரிப்பது, இறைச்சியைச் சமைத்து ருசி பார்த்து உப்பு சரிசெய்வது எல்லாம் மதிப்பெண்ணுக்குரிய வேலைகள். ருசி பார்த்துவிட்டுத் துப்பலாம் என்று சில ஆசிரியர்கள் அனுமதிப்பார்கள். கூட இருக்கும் மாணவர் ருசி பார்த்துச் சொன்னால் போதும் என்று சிலர். மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி விஷயத்தில் மத நம்பிக்கை காரணமாக மாற்று தருகிற இடங்களும் உண்டு. எல்லா இடத்திலும் அப்படி இருக்கும் என்று நம்பிக்கொண்டு போகக் கூடாது. தொடவே மாட்டேன் என்றால், பேக்கிங் தனிப் பிரிவாக உள்ள கல்லூரியைத் தேடுவதே நல்லது. முட்டை அங்கும் உண்டு.

விலைக் கணக்குப் பாடம் இரண்டாம் ஆண்டில் வரும். பலர் தூங்கி வழிகிற வகுப்பு இதுதான். சொந்தமாகக் கடை வைத்தவர்களின் கையைச் சுடுவதும் இதில் உள்ள விஷயம்தான். முழு மீன் பவுண்டு 6 டாலர் என்று வாங்குகிறோம். தலை, முள், குடல், தோல் போகச் சதை 45 சதவீதம்தான் தேறும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் தட்டில் போகிற சதையின் விலை 6-ஐ 0.45-ஆல் வகுக்க வருகிற 13.33 டாலர். ஒரு பவுண்டுக்கு 16 அவுன்ஸ்; ஒருவருக்கு 6 அவுன்ஸ் என்றால் 5 டாலர். வாங்கிய விலையிலேயே கணக்குப் போட்டவருக்கு அது 2.25 டாலர் என்று தோன்றும். மூலப்பொருள் செலவு விற்பனை விலையில் 30 சதவீதம் இருக்க வேண்டும் என்று திட்டமிட்டால், மீனுக்கு மட்டும், சதையின் விலையில் கணக்குப் போட்ட முதலாமவர் 16.67 டாலர் விலை வைப்பார், இரண்டாமவர் 7.50 வைப்பார். இரண்டாமவர் கடையில் கூட்டம் அலைமோதும். ஒவ்வொரு தட்டுக்கும் நஷ்டமும் ஏறிக்கொண்டே போகும்.

அளவு பெருக்குவதும் இதே பாடத்தில் வரும். 10 பேருக்குத் தலா 6 அவுன்ஸ் தருகிற குறிப்பு, மொத்தம் 60 அவுன்ஸ். 75 பேருக்குத் தலா 4 அவுன்ஸ் வேண்டுமென்றால் 300. ஆக எல்லாவற்றையும் ஐந்தால் பெருக்க வேண்டும், ஏழரையால் அல்ல. அப்படிப் பெருக்கினாலும் மிளகாய், மசாலா, உப்பை முக்கால் அளவு போட்டு ருசி பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். அகலமான பெரிய பாத்திரத்தில் நீர் வற்றும் வேகமே வேறு.

இறுதிச் செய்முறைத் தேர்வில் தோற்பவர்கள் ருசியில் தோற்பதைவிட நேரத்தில் தோற்பது அதிகம். பரிமாற வேண்டிய நிமிடத்திலிருந்து பின்னோக்கி எழுதிய நேர அட்டவணை இல்லாமல் வருவார்கள். அடுப்பைச் சூடேற்ற மறப்பார்கள். வறுத்த இறைச்சிக்கு ஓய்வு கொடுக்காமல் வெட்ட, தட்டில் சாறு குளமாக நிற்கும். சூடான உணவைச் சில்லென்ற தட்டில் வைப்பார்கள். பச்சைக் கோழி வெட்டிய பலகையைக் கழுவிக் கிருமிநீக்கித் தண்ணீரால் துடைக்காமல் அதிலேயே கொத்தமல்லி நறுக்கினால், எவ்வளவு ருசியாகச் சமைத்திருந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவோம். குளோரின் கரைசலுக்கு 50 முதல் 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு); கண்ணால் பார்த்து ஊற்றக் கூடாது, சோதனைத் தாளில் நிறம் பார்க்க வேண்டும். குறைந்தால் கிருமி சாகாது, கூடினால் உணவில் இரசாயனம் சேரும்.

வெளிப்பயிற்சி கல்லூரிக்குக் கல்லூரி சில நூறு மணி நேரம் வரை இருக்கும். பேர்போன உணவகம் என்று ஓடி, பயிற்சி முழுவதும் வெங்காயம் உரித்துவிட்டு வருவதால் பயனில்லை. குளிர் உணவு, வறுவல், சாஸ் என்று எத்தனை நிலையங்களில் நிற்க விடுவார்கள், யார் மதிப்பீடு எழுதுவார் என்பதைப் பயிற்சி ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கும் துறைதான் நல்ல துறை. மருத்துவமனை, பல்கலைக்கழக விடுதி, முதியோர் இல்லச் சமையலறைகளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒழுங்கான ஷிஃப்ட், மருத்துவக் காப்பீடு, ஆயிரம் பேருக்குச் சமைக்கிற அனுபவம் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

சம்பளத்தில் மயக்கம் வேண்டாம். ஷெஃப்கள், தலைமைச் சமையலர்களின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 2023 மே மாத நிலவரப்படி 58,920 டாலர் என்று அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை சொல்கிறது. அது பல ஆண்டு நின்று மேலே வந்தவர்களின் எண். பட்டத்தோடு வெளியே வருகிறவர் லைன் குக் (ஒரு நிலையத்தில் நின்று சமைப்பவர்) ஆகவோ, தயாரிப்புச் சமையலராகவோ மணிக் கூலியில்தான் தொடங்குவார். படிக்காமலே அந்த வேலைக்குச் சேர்ந்தவரும் பக்கத்தில் நிற்பார். வித்தியாசம் ஒன்றிரண்டு ஆண்டில் தெரியும்: கொள்முதல், மெனு விலை, ஆய்வாளர் வரும்போது காட்ட வேண்டிய வெப்பநிலைப் பதிவேடு ஆகியவை தெரிந்தவரைத்தான் துணை ஷெஃப் ஆக்குவார்கள். வீட்டுச் செலவுக்கு உடனே பெரிய சம்பளம் தேவைப்படுகிறவருக்கு இந்தப் படிப்பை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஓராண்டுச் சான்றிதழ் படித்துவிட்டு, வேலையில் இருந்தபடி மீதியை முடிப்பது அவர்களுக்குப் பொருந்தும்.

கல்லூரியைப் பார்க்கப் போகிறவர்கள் வகுப்பு நடக்கிற நேரமாகப் பார்த்துப் போங்கள். ஓர் அடுப்புக்கு எத்தனை மாணவர் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். எல்லாரும் கையால் செய்கிறார்களா, நால்வர் செய்ய மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். குளிர் அறைக்குள் இருக்கிற டப்பாக்களில் தேதி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத இடத்தில் சுகாதாரப் பாடம் புத்தகத்தோடு நின்றுவிட்டது என்று அர்த்தம். நேரில் போக முடியாதவர்கள் இதே கேள்விகளைத் துறைக்கு எழுதிக் கேட்கலாம்.

உங்கள் கல்விப் பக்கத்தில் அடுத்த முறை இந்தப் பட்டியலை வெளியிடும்போது, ஒவ்வொரு கல்லூரிக்கும் நேரே உள்ளூர், வெளிநாட்டுக் கட்டணங்களைத் தனித்தனியாகவும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் சமையல் கூடம், என்ன வகை ஐ-20, வெளிப்பயிற்சி கட்டாயமா என்பதையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சமுதாயக் கல்லூரி சமையற்கலைப் பயிற்றுநர்கள் சிலர்,
நியூ ஜெர்சி